பழைய சவ வண்டியின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி? வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய அம்பாசடர் வாங்கியவர் அதன் பூர்வீகத்தைத் தேடக் கிளம்பினால் ஊரே உதவிக்கு வரும். பழைய சவ வண்டி வாங்கியவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விற்றவரே "இது ஸ்கூல் வேனா ஓடினதுங்க" என்று சாதிப்பார், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தாதீர்கள் என்பார், ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தால் அதில் மூன்றாவதாக ஏதோ எழுதியிருக்கும். பயத்தாலும் கூச்சத்தாலும் வேண்டுமென்றே மறைக்கப்பட்ட வரலாறு இது. அதனால் மற்ற பழைய வண்டிகளுக்குச் செய்கிற தேடலோடு இதற்குக் கொஞ்சம் துப்பறியும் வேலையும் சேரும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த வண்டிக்குப் பிறந்த தேதி ஒன்று இல்லை, மூன்று. சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் உருவானது. அதன்மேல் பாடி கட்டியது வேறொரு பட்டறை, பெரும்பாலும் வேறொரு வருஷம். அது சவ வண்டியாக ஓட ஆரம்பித்தது மூன்றாவது தேதி, ஏனென்றால் நம் பக்கத்துப் பழைய சவ வண்டிகளில் பல முதலில் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸாகவோ கம்பெனி வேனாகவோ இருந்து, வயதான பிறகு இந்த வேலைக்கு வந்தவை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஒரே ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு "இது 1958 சவ வண்டி" என்று சொல்லிவிட்டால் மற்ற இரண்டும் தப்பாகப் போகும். எனவே ஒரு நோட்டை எடுத்து மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: சேசிஸ், பாடி, உரிமையாளர்கள். எந்தத் தகவல் கிடைத்தாலும் எங்கே கிடைத்தது, யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு பகுதியில் கிடைத்ததை வைத்து இன்னொரு பகுதியை ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

வண்டியைக் கழுவாதீர்கள்

வாங்கியதும் வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. வேண்டாம். சீட்டுக்கு அடியில், கதவு மடிப்பில், தரைப் பலகை இடுக்கில் கிடக்கும் குப்பைதான் உங்கள் முதல் ஆவணப் பெட்டி. பழைய பெட்ரோல் பில், இன்சூரன்ஸ் துண்டு, மாலையிலிருந்து விழுந்த ஜிகினா, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, வண்டியில் எந்த இடத்தில் கிடைத்தது என்று மேலே எழுதிவிடுங்கள். அதற்கு முன்னால் நான்கு பக்கமும், உள்ளேயும், அடியிலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் எண்கள். சேசிஸ் நம்பர் பெரும்பாலும் முன்பக்கச் சட்டத்தில் பொறித்திருக்கும், கூடவே பானட்டுக்குள்ளே ஒரு தகட்டிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழுத்தின் ஆழம் குறைந்து, நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். எழுத்து தெரிந்ததும் மெல்லிய வெள்ளைத் தாளை அதன்மேல் ஒட்டிப் பென்சிலால் சாய்வாகத் தேய்த்துப் பிரதி எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் புரோக்கர்கள் "சேசிஸ் பிரின்ட்" என்று எடுப்பார்களே, அதேதான். போட்டோவில் 3, 8 குழப்பமும் 1, 7 குழப்பமும் வரும். பென்சில் பிரதியில் குறையும். எஞ்சின் நம்பரையும் இப்படியே எடுங்கள், ஆனால் அதை அதிகம் நம்ப வேண்டாம். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் எத்தனையோ பேர் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் போட்டார்கள். சென்னையில் சிம்சன் கம்பெனி தயாரித்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பழைய டாட்ஜ், பெட்ஃபோர்டு வண்டிகளில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். எஞ்சின் ஒத்துப்போகாததால் வண்டி திருட்டு வண்டி என்று பதற வேண்டியதில்லை. மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது அளவு நாடா. முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். அம்பாசடருக்கு அது 97 அங்குலம். பழைய சின்ன ஜீப்புக்கு 80 அங்குலம், வில்லிஸ் ஸ்டேஷன் வேகனுக்கு 104. அம்பாசடர் முகம் இருந்து அளவு 97ஐத் தாண்டினால், யாரோ நடுவில் வெட்டி நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடியில் படுத்துப் பார்த்தால் வெல்டிங் தடம் தெரியும். வெளியே உள்ள முகப்பு, கிரில், லைட் எல்லாம் மாற்றக்கூடியவை, சக்கர இடைவெளியை மாற்றுவது பெரிய வேலை. எனவே முகத்தைப் பார்த்து மாடலை முடிவு செய்யாமல் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெயிண்ட்டுக்கு அடியில் இருக்கும் எழுத்து

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சவ வண்டியை யாரும் சும்மா வாங்குவதில்லை, பெரும்பாலும் யாரோ ஒருவர் நினைவாக யாரோ ஒருவர் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். அப்படிக் கொடுத்தவர் பெயரைப் பக்கவாட்டில் எழுதாமல் விடமாட்டார்கள். வண்டி கைமாறும்போது அதன்மேல் பெயிண்ட் அடிப்பார்கள், ஆனால் சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட் எனாமலில் எழுதிய எழுத்துக்குத் தடிமன் உண்டு, மேலே எத்தனை கோட் அடித்தாலும் அது லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும்.

இருட்டிய பிறகு ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாக ஒளி போகும்போது எழுத்தின் ஓரங்களில் மெல்லிய நிழல் விழும். காட்பாடிப் பக்கம் ஒரு வேனில் இப்படிப் பார்த்தபோது, கறுப்புப் பெயிண்ட்டின் கீழே முதலில் ஒரு வளைவு மட்டும் தெரிந்தது, டார்ச்சை ஒரு சாண் கீழே இறக்கியதும் "உபயம்" என்று முழுதாக எழுந்து வந்தது. அதற்கு அடுத்த வரியில் இனிஷியலும் பெயரின் முதல் பாதியும். மறுபாதி இருந்த இடத்தில் யாரோ பட்டி பார்த்துத் தேய்த்திருந்தார்கள். பாதிப் பெயரும் ஓர் இனிஷியலும் போதும், விழா மலர்களில் வரும் நன்கொடையாளர் பட்டியலோடு ஒப்பிட. பின்கதவில் ஒரு சிலுவையோ பிறையோ, கூட்டல் குறி மாதிரி ஒரு சிவப்புச் சின்னமோ இருக்கிறதா என்றும் இதே போலப் பாருங்கள்.

பெயிண்ட் அடுக்கை வெளியே சுரண்ட வேண்டாம். கதவுக் கீலுக்கு உள்பக்கம், டேஷ்போர்டுக்கு அடியில், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு நைஸ் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வளையம் வளையமாக நிறங்கள் வரும். கறுப்புக்குக் கீழே வெள்ளை வந்தால் ஆம்புலன்ஸாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அடி நிறம் பச்சை என்றால் ராணுவம் அல்லது அரசு ஏலத்தில் வந்த வண்டியா என்று யோசியுங்கள்.

ஆம்புலன்ஸா, ஆரம்பத்திலிருந்தே சவ வண்டியா என்பதை உள்ளே பார்த்தும் ஓரளவு சொல்லலாம். டிரைவருக்குப் பின்னால் தள்ளு கண்ணாடி வைத்த தடுப்பு, கூரையில் சலைன் பாட்டில் மாட்டும் கொக்கி, அல்லது கொக்கி இருந்த ஓட்டை, ஸ்டிரெச்சர் நழுவாமல் பிடிக்கும் கிளிப் இதெல்லாம் ஆம்புலன்ஸின் அடையாளங்கள். நடுவில் தகரம் போர்த்திய மேடை, இருபுறமும் உறவினர் உட்கார நீளப் பலகை, வெளியிலிருந்து முகம் தெரிகிற மாதிரிப் பெரிய பக்கக் கண்ணாடி, கூரையைச் சுற்றி மாலை தொங்கவிடக் கம்பி என்றால் சவ வண்டியாகவே கட்டியது. இரண்டும் கலந்திருந்தால் மாற்றிக் கட்டியது.

சேசிஸ் எங்கே செய்தது, பாடி எங்கே கட்டியது

நம் பக்கத்தில் அகப்படக்கூடிய வண்டிகள் எந்தெந்தக் கம்பெனியைச் சேர்ந்தவை என்று ஒரு கணக்கு இருந்தால் தேடல் சுருங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் செவ்ரலே, பெட்ஃபோர்டு வகையறாக்களை உதிரிகளிலிருந்து பூட்டியது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் தொடங்கியது, அம்பாசடர் வந்தது 1950களின் கடைசியில், நின்றது 2014இல். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944இல் தொடங்கி டாட்ஜ், ஃபார்கோ, பிளிமத், ஃபியட் என்று போனது. மஹிந்திரா 1947 வாக்கில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. நமக்கு அருகில் எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 காரைப் பூட்டியது, 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1948இல் வந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் வண்டலூர்ப் பக்கம் வேன்களும் செய்தது. பஜாஜ் டெம்போவின் மேட்டடார் வந்தது 1969இல். கதைக்கும் கம்பெனிக்கும் காலம் பொருந்துகிறதா என்று பார்க்க இவ்வளவு போதும். மேட்டடாரைக் காட்டி "வெள்ளைக்காரன் காலத்து வண்டி" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

கம்பெனியிலிருந்து வேன், லாரி சேசிஸ்கள் முகப்போடு மட்டும், பின்னால் வெறும் சட்டமாக வரும். பாடி கட்டுவது வாங்கியவர் பாடு. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டித்தான் பெயர் எடுத்தது, 1903இல் நீராவியில் ஓடும் காரையே கட்டியது, பிறகு பஸ் பாடி கட்டியது. கரூரும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் பாடி கட்டுவதற்குப் பேர் போனவை. ஆனால் உள்ளூர் சவ வண்டி என்றால் பெரும்பாலும் உள்ளூர் தச்சரும் டிங்கரும் சேர்ந்து கட்டியதாக இருக்கும். கதவுப் படிக்குப் பக்கத்திலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலும் பித்தளையிலோ அலுமினியத்திலோ பட்டறையின் சின்னத் தகடு இருக்கிறதா பாருங்கள், பெயிண்ட்டால் மூடியிருக்கும். தகடு இல்லாவிட்டால் ஓட்டையாவது இருக்கும். உள்பக்கப் பலகை ஒன்றைக் கழற்றினால் மரச் சட்டம் தெரியும். தச்சர் பென்சிலில் போட்ட கணக்கு, அளவு, சில சமயம் தேதிகூட அந்த மரத்தில் கிடைக்கும். கழற்றிய பலகையைப் போட்டோ எடுக்காமல் திரும்பப் பொருத்தாதீர்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான் என்பது வேடிக்கை. கேடிலாக் சவ வண்டி என்று படத்தில் பார்ப்பதன் பாடியைக் கேடிலாக் கட்டவில்லை. அவர்கள் நீளமான சேசிஸை மட்டும் கொடுக்க, ஒஹையோவில் லைமா ஊரிலிருந்த சுப்பீரியர், பிக்வா ஊரின் மில்லர்-மீட்டியோர், சின்சினாட்டியின் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் மாதிரியான கம்பெனிகள் பாடி கட்டின. பேக்கார்டு சேசிஸ்மேல் இல்லினாய் மாநிலம் ஃப்ரீபோர்ட்டின் ஹென்னி கட்டியது. அந்த வண்டிகளிலும் சேசிஸுக்கு ஒரு நம்பர், பாடித் தகட்டில் வேறொரு நம்பர். அங்கே ஆராய்கிறவர்களும் இரண்டையும் தனித்தனியாகத்தான் துரத்துகிறார்கள்.

தேதி கணிக்க உதிரிப் பாகங்களும் கைகொடுக்கும். இங்கிலாந்து லூகாஸ் கம்பெனியின் டைனமோ, ஸ்டார்ட்டர், லைட் உடல்களில் மாதமும் வருஷமும் பொறித்திருப்பார்கள். "லூகாஸ்-டிவிஎஸ்" என்று இருந்தால் அந்தப் பாகம் 1961க்குப் பிந்தியது, ஏனென்றால் அந்தக் கம்பெனியே அப்போதுதான் தொடங்கியது. ஆனால் மாற்றக்கூடிய பாகம் எதுவும் வண்டியின் வயதைச் சொல்லாது, அது மாற்றப்பட்ட காலத்தைத்தான் சொல்லும். கண்ணாடி, வயரிங், ஸ்விட்ச், மீட்டர் என்று பல பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஆர்.டி.ஓ. வழி

இனி உரிமையாளர்கள். ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும், காலியான பக்கத்தையும் சேர்த்து, ஸ்கேன் செய்யுங்கள். பெயர் மாற்றம், முகவரி மாற்றம், கடன் அடமானம், எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி, வரி கட்டிய முத்திரை எல்லாமே தடயம்தான். சவ வண்டிக்கு மிக முக்கியமானது பாடி வகை மாறிய குறிப்பு. வண்டியில் மாற்றம் செய்தால் பதிவு செய்ய வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது, 1939 சட்டத்தின் கீழும் இந்த நடைமுறை உண்டு. "ஆம்புலன்ஸ்" அடிக்கப்பட்டு வேறு வார்த்தை எழுதிய தேதி கிடைத்தால் உங்கள் மூன்றாவது பிறந்த தேதி கிடைத்துவிட்டது.

நம்பர் பிளேட்டைப் பொறுத்தவரை, எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கினால் சென்னை மாகாண, சென்னை ராஜ்ய காலத்துப் பதிவு. எம்.ஒய். என்றால் மைசூர் ராஜ்யம். பெங்களூர் ரோட்டில் இருக்கிற ஊர் நமது, தங்கவயலும் பக்கம், அங்கிருந்து வந்த வண்டிகள் இங்கே சகஜம். 1989 ஜூலையில் புதிய சட்டம் வந்த பிறகுதான் டி.என். 23 என்று வேலூருக்கும் டி.என். 25 என்று திருவண்ணாமலைக்கும் எண் வந்தது. பழைய வண்டியில் டி.என். 23 பார்த்தால் அது மறுபதிவு, பழைய நம்பர் வேறு இருக்க வேண்டும். அதைத் தேடுங்கள்.

வட ஆற்காடு என்ற பெயரை நம்பி அலுவலகம் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். சித்தூர் ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தின் தலைநகரம், 1911இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது, 1953இல் ஆந்திராவோடு போனது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பிறகு வேலூர் மாவட்டமானது. 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ராணிப்பேட்டை ஆர்.டி.ஓ.வுக்கு டி.என். 73. அதாவது 1965இல் ஆற்காட்டில் ஒருவர் பெயரில் பதிவான வண்டியின் பழைய பதிவேடு வேலூரில் இருக்கலாம், பிற்காலத் தாள்கள் ராணிப்பேட்டையில் இருக்கலாம். வண்டி ஓடிய ஊர் அந்தந்த வருஷத்தில் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் ஒரு சின்னப் பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள்.

அரசின் வாகனப் பதிவுக்கான பரிவாகன் இணையதளத்திலோ செயலியிலோ நம்பரைப் போட்டுப் பார்ப்பது இலவசம், பார்த்துவிடுங்கள். ஆனால் கணினியில் ஏற்றாத பழைய பதிவுகள் ஏராளம். "தகவல் இல்லை" என்று வந்தால் வண்டிக்குப் பதிவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அலுவலகத்தில் பழைய பதிவேட்டின் நகல் வேண்டும் என்று, நீங்கள் இப்போதைய உரிமையாளராக இருந்தால் அந்த அடிப்படையில், எழுத்தில் கேளுங்கள். "பி ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட்" என்று சொன்னால் பழைய ஊழியர்களுக்குப் புரியும்.

அது நடக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும், தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் 6(3) பிரிவின்படி சரியான அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. "எல்லா முன்னாள் உரிமையாளர்களின் பெயரும் முகவரியும் தருக" என்று கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "மேற்கண்ட வாகனம் முதன்முதலில் பதிவான தேதி, அப்போது குறிப்பிடப்பட்ட பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, பாடி வகை, எஞ்சின் மாற்றங்கள் பதிவான தேதிகள், உரிமை மாற்றங்கள் பதிவான தேதிகள், ஒவ்வொரு உரிமையாளரும் தனிநபரா, அறக்கட்டளையா, உள்ளாட்சி அமைப்பா என்ற விவரம்." பெயர் இல்லாமலே முக்கால்வாசி வரலாறு இதில் வந்துவிடும். ஒரு மனுவில் ஒரு வண்டியைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

யார் வாங்கியிருப்பார்கள்?

தனிநபர் சவ வண்டி வைத்திருப்பது பிற்கால வழக்கம். பழைய வண்டி என்றால் நகராட்சி, மிஷன் ஆஸ்பத்திரி, சர்ச், ஜமாத், வியாபாரிகள் சங்கம், ரோட்டரி, லயன்ஸ் மாதிரியான சங்கம் இதில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்.

நகராட்சி வண்டி என்றால் மன்றத் தீர்மானம் இல்லாமல் வாங்கியிருக்க முடியாது. தீர்மானப் புத்தகத்தில் வாங்கிய செலவும், பிற்பாடு கழிவு செய்து ஏலம் விட்ட தீர்மானமும் இருக்கும். வேலூர் 2008இல் மாநகராட்சியானது, சுற்றுப்புற ஊர்களும் அதனுடன் சேர்ந்தன, அதனால் வண்டி அந்த ஊர்களில் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்ததா என்றும் கேளுங்கள். உள்ளாட்சி வண்டிக்கு லாக் புக் உண்டு. யார் வீட்டிலிருந்து எந்தச் சுடுகாட்டுக்கு எத்தனை மைல் என்று பயணம் பயணமாக எழுதியிருப்பார்கள். அது ஒன்று கிடைத்தால் வண்டியின் டைரியே கிடைத்த மாதிரி. 15 வருஷம் தாண்டிய அரசு, உள்ளாட்சி வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று ஆன பிறகு பழைய வண்டிகள் வேகமாகக் காயலான் கடைக்குப் போகின்றன, கூடவே தாள்களும். கேட்பதானால் சீக்கிரம் கேளுங்கள்.

மிஷன் பக்கம் நமக்கு அதிர்ஷ்டம் அதிகம். அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் அமைந்தது. ராணிப்பேட்டை ஸ்கட்டர் ஆஸ்பத்திரி, ஐடா ஸ்கட்டர் 1900இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி., பள்ளிகள், சர்ச்சுகள் என்று எல்லாவற்றுக்கும் வருஷ அறிக்கை எழுதிப் பழகியவர்கள் அவர்கள். ஐடா ஸ்கட்டர் மாட்டு வண்டியிலிருந்து மோட்டார் காருக்கு மாறியதுவரை பதிவாகியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மிஷன் வண்டிகளின் பின்னால் பெரும்பாலும் ஒரு வெளிநாட்டு நன்கொடை இருக்கும், நன்கொடை கேட்டு எழுதிய கடிதமும் வந்ததற்கு நன்றி எழுதிய கடிதமும் இருக்கும். அந்த மிஷனை நடத்திய அமெரிக்கச் சபையின் ஆவணக் காப்பகம் அமெரிக்காவில் நியூ பிரன்ஸ்விக் நகரில் இருக்கிறது, மின்னஞ்சலில் விசாரிக்கலாம். இங்கே கத்தோலிக்க மறைமாவட்டம் 1952இலும் சி.எஸ்.ஐ. வேலூர் பேராயம் 1976இலும் உருவானவை, அதற்கு முந்தைய தாள்கள் சென்னையில் இருக்க வாய்ப்பு உண்டு. சர்ச்சில் நேராக ஆயரிடம் போவதைவிடக் கல்லறைக் கமிட்டிப் பொருளாளரைப் பிடியுங்கள். கணக்கு நோட்டில் "வண்டி வாடகை", "டயர்", "டிரைவர் பேட்டா" என்று வரும் வரிகள்தான் நமக்கு வேண்டும். முதன்முதலில் "வண்டி வாடகை" என்ற வரி எந்த மாதம் வருகிறதோ அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ஜனாஸா வண்டி (முஸ்லிம்களின் சவ வண்டி) என்றால் ஜமாத் கணக்குகளில் தேடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் அனுமதி கேட்டு, பெரியவர்களை வைத்துப் பேசினால் கதவு திறக்கும்.

துக்க வீட்டு போட்டோ

சவ வண்டியை யாரும் தனியாகப் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் நம் ஊரில் சாவு வீட்டில் போட்டோ எடுக்கும் வழக்கம் உண்டு, உடலை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துக் குடும்பமே சுற்றி நிற்கும் படமும், ஊர்வலம் கிளம்பும் படமும் பழைய ஆல்பங்களில் இருக்கும். அந்தப் படத்தின் ஓரத்தில் வண்டியின் பின்கதவோ பாதி நம்பர் பிளேட்டோ இருக்கும். வண்டி ஓடிய பேட்டைகளில், அது தோட்டப்பாளையமோ கொசப்பேட்டையோ வேலப்பாடியோ, பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் நெகட்டிவ் பெட்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். குடும்பங்களிடம் கேட்கும்போது வண்டியைப் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள். இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள், அவர்கள் சொல்லி முடிக்கட்டும், பிறகு "அன்னைக்கு எடுத்த போட்டோ ஏதாவது இருக்குதாம்மா?" என்று கேட்டால் போதும். கொடுக்க மனசில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். முகம் தெரியும் படத்தை எங்கும் வெளியிடவும் வேண்டாம், வண்டி இருக்கும் பகுதியை மட்டும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் கிடைத்ததும் அதற்குத் தேதி போடுவது சுலபம், இதுதான் இந்த வகைப் படத்தின் பெரிய வசதி. இறந்தவரின் கல்லறைக் கல்லில் தேதி இருக்கும், சர்ச் அடக்கப் பதிவேட்டில் இருக்கும், இறப்புச் சான்றிதழில் இருக்கும். கல்யாணப் படத்தைப் பார்த்து வருஷம் ஊகிக்கிறோம், இதில் நாளே தெரிந்துவிடும். அந்த நாளில் வண்டி எந்த நிறத்தில், எந்த எழுத்தோடு, எந்த நம்பரில் இருந்தது என்பது சந்தேகமில்லாமல் நிற்கும். இப்படி நான்கைந்து படம் சேர்ந்தால் வெள்ளை எப்போது கறுப்பானது, கிரில் எப்போது மாறியது என்று வரிசைப்படுத்தலாம். ஆர்.சி.யில் வண்டி சர்ச் பெயருக்கு மாறிய தேதிக்கு முன்பே சர்ச்சின் பெயர் எழுதிய படம் கிடைத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பெயர் மாற்றத்தை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது நம் ஊர் வழக்கம்தானே.

ஆட்களிடம் பேசும்போது

ஓட்டிய டிரைவர், மெக்கானிக், வண்டிக்கு மாலை கட்டிக் கொடுத்த பூக்கடைக்காரர், பாலாற்றங்கரைச் சுடுகாட்டில் வேலை பார்த்தவர் எல்லோருக்கும் வண்டியைத் தெரியும். இவர்களை ஊர் மரியாதையாக நடத்தியதில்லை, நீங்களாவது ஐயா என்று கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். வருஷம் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. "உங்க பெரிய பொண்ணு அப்ப பள்ளிக்கூடம் போச்சாங்க?", "எம்.ஜி.ஆர். இறந்தப்ப இந்த வண்டி ஓடிச்சுங்களா?" என்று கேட்டால் பதில் சரியாக வரும். எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24, அதற்கு முன்னா பின்னா என்று பிரித்துவிடலாம். ஒரு பெரியவர் சொன்னது: "சவ வண்டியா? அது முதல்ல ஆஸ்பத்திரி வண்டிபா. சைரன எடுத்துட்டு மணி வெச்சாங்க." மணி மாட்டிய ஓட்டை இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து கூரையைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்னால் அவரும் தலையாட்டிவிடுவார், உங்களுக்கு இரண்டு சாட்சி கிடைத்த மாதிரித் தோன்றும், உண்மையில் ஒன்றுதான்.

கம்பெனிக்கு எழுதுவது, கடைசியில் பதிவு

ஆஸ்டின், மோரிஸ், ஸ்டாண்டர்டு போன்ற பிரிட்டிஷ் சேசிஸ் என்றால் இங்கிலாந்தில் கெய்டன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் காப்பகம் கட்டணம் வாங்கிக்கொண்டு தயாரிப்புப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தரும். ஃபோர்டு ஆவணங்களுக்கு மிச்சிகன் மாநிலம் டியர்போர்னில் பென்சன் ஃபோர்டு காப்பகம் இருக்கிறது. எழுதும்போது பென்சில் பிரதியின் படத்தையும் சக்கர இடைவெளியையும் சேர்த்து அனுப்புங்கள், "இது எந்த வருஷம்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். உதிரிகளாக வந்து இங்கே பூட்டிய வண்டி என்றால் அங்கே கிடைப்பது பெட்டியில் அடைத்து அனுப்பிய தேதியாக இருக்கும். அதை உங்கள் நோட்டில் சேசிஸ் பகுதியில் மட்டும் எழுதுங்கள்.

2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை "வி.ஏ." என்ற தனி வரிசையில் விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதும், தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது என்பதும் நிபந்தனை. சவ வண்டிக்கு இங்கேதான் இடிக்கும். வெட்டி நீட்டிய காரோ, வாடகை வண்டியாகப் பதிவான வேனோ சுலபமாக இதில் நுழையாது. பாடி மாற்றம் எப்போது நடந்தது, அது பதிவானதா என்று நீங்கள் சேர்த்த தாள்களை இணைத்து, தகுதி உண்டா என்று ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். பதில் வரும்வரை டிங்கரிங் வேலை எதையும் தொடங்க வேண்டாம். முக்கியமாக, சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் துரு தின்றிருக்கிறது என்று வெல்டரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.